வெறும் நெற்றி

கத்தி இடது காதுக்கு மேலே வந்ததும் நின்றது. எப்போதும் அங்கேதான் நிற்கும். நாவிதன் வகூஷ் கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, கிணற்று விளிம்பில் நடப்பவனைப்போலக் கத்தியைச் சுற்றிக் கொண்டுபோவான். தெர்தாஸ் கண்ணை மூடிக்கொண்டான். வலி விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. கேட்காமல் உள்ளே வரும் ஒரே ஆள் அது, ஒரு மாகாணத்துக்கே ஆளுநர் என்றாலும் அதை வாசலில் நிற்கச் சொல்ல முடியாது, பொட்டில் தொடங்கும், கண்ணுக்குப் பின்னால் இறங்கும், பல்லின் வேர்வரை போய் எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பவும் பொட்டுக்கே வரும். முக்காலியின்மேல் மண்கிண்ணத்தில், காடியில், அந்தத் துணி ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு விரல் அகலம், வெள்ளை. நெற்றியைச் சுற்றி இறுக்கிப் பின்னால் முடிச்சுப் போட்டால் வலி போய்விடாது, ஆனால் ஒரு மூலையில் ஒதுங்கி உட்காரும், அதற்கப்புறம் மனிதன் வழக்குக் கேட்கலாம், வாய்க்கால் வெட்டுகிறவர்களோடு சண்டை போடலாம், குதிரை ஏறலாம். துணியின்மேல் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இத்தனை வருடமாகத் தெரியாது. இன்று கட்டப்போவதில்லை. துணியும் இல்லை, தொப்பியும் இல்லை. அதை நேற்றே முடிவு செய்தாகிவிட்டது, முடிவு செய்ததைத் திரும்பத் தொட்டுப் பார்க்கக்கூடாது, ஆறுகிற புண்ணை நோண்டுவது மாதிரி அது. ஆனால் கிண்ணத்திலிருந்து காடியின் புளிப்பு மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது, அந்த வாசனைக்கே பாதித் தலை தளர்ந்து கொடுத்தது, பழகிய நாய் மாதிரி.

அன்றைக்கு ஆற்றங்கரையில் வெயில் என்ன வெயில். படை பயிற்சி முடித்துத் தண்ணீருக்கு இறங்கியிருந்தது, அவனும் குதிரையைவிட்டு இறங்கி, மண்டியிட்டு, முகம் கழுவுவதற்காக யோசிக்காமல் தொப்பியை எடுத்துவிட்டான். யோசிக்காமல்தானா. யோசிக்காமல்தான். வெயிலில் மூளை உருகிக்கொண்டிருந்தவன் எதை யோசிப்பான். நிமிர்ந்தபோது கரையில் பேச்சு நின்றிருந்தது. நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணி, அதன் இரண்டு நுனியும் பிடரியில் தொங்குகின்றன. அலெக்சாந்தர் இறந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அவருடைய தளபதிகள் பங்கு போட்டுக்கொண்ட இந்த நிலங்களிலெல்லாம் அரசன் என்றால் பொன்முடி கிடையாது, ஒரு வெள்ளைத் துணிதான், நெற்றியைச் சுற்றிக் கட்டி நுனியைப் பின்னால் தொங்கவிட்டால் அதுதான் பட்டம். கட்டியவன் அரசன். அரசர் ஒருவர் மேற்கே உயிரோடு இருக்கும்போது கட்டியவன் துரோகி. இடையில் தலைவலிக்காரன் என்று ஒரு சாதியே கிடையாது. வேறு எந்த நாட்டிலாவது, எந்தக் காட்டுமிராண்டிக் கூட்டத்திலாவது, தலையில் ஈரத்துணி சுற்றியவனைப் பார்த்தால் என்ன உடம்புக்கு என்று கேட்பார்கள். இங்கே, நீள ஈட்டி வரிசையிலேயே கிழவனான கிராதேவா, தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு, ஈட்டியால் கேடயத்தைத் தட்டினான். அரசே, என்றான். கத்தவில்லை, ரொம்ப நாளாகத் தேடிய ஆளைச் சந்தையில் கண்டுவிட்டவன்போலச் சொன்னான். பிறகு பக்கத்தில் இருந்தவன் தட்டினான். பிறகு கரை முழுவதும். படை கேடயத்தைத் தட்டி ஏற்றுக்கொண்டால் அவன் அரசன், இவர்களுடைய பாட்டன்மார் மலையில் ஆடு மேய்த்த காலத்திலிருந்தே வழக்கம் அதுதான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மடையர்களா, தலைவலிடா, என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு குதிரை ஏறினான். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவேதானா.

இல்லை. அதற்குக் கீழே ஒன்று இருக்கிறது, அதன் பக்கம் போகும்போதெல்லாம் மனது வகூஷின் கத்தி மாதிரி வளைந்து போகிறது. தட்டுகிற சத்தம் கரை முழுவதும் ஏறியபோது, வலி நின்றுவிட்டது. குறையவில்லை, ஒதுங்கவில்லை, நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் முறையாகத் தலை தலையாக இருந்தது, காற்றுப் போகும் வீடாக இருந்தது, ஆற்றின் ஒவ்வொரு கூழாங்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அதனால்தான் பேசவில்லை. வாயைத் திறந்தால் அது திரும்பி வந்துவிடும் என்று பயந்தான். நாலு மூச்சு, ஐந்து மூச்சு, அவ்வளவு நேரம் அவன் அரசனாக இருந்தான், அது அவனுக்குச் சுகமாக இருந்தது. இதை மனைவியிடம் சொல்லவில்லை. வகூஷிடம் சொல்லவில்லை. ஆந்த்ரோனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ. ஆந்த்ரோன், பக்கத்து மாகாணத்து ஆளுநர், பட்டம் கட்டிக்கொண்டவன். அவனை அடக்க அரசர் அனுப்பிய குதிரைப்படைக்குத் தலைவன் இதே தெர்தாஸ்தான், முப்பது வயதுத் தெர்தாஸ், தலைவலி என்றால் என்னவென்று தெரியாதவன். மதில்மேலிருந்து கவண் வீச்சு. ஈயக்குண்டில் எழுத்து வார்த்திருந்தார்கள், 'பிடித்துக்கொள்' என்று, வைத்தியன் குண்டை எடுத்துக் கழுவிக் காட்டியபோது அவன் சிரித்தானாம், பிறகு இரண்டு நாள் நினைவில்லையாம். நினைவு வந்து எழுந்து நடந்தபோது ஊர் விழுந்திருந்தது. ஆந்த்ரோன் படிக்கட்டில் செத்துக் கிடந்தான். பட்டத்தை அவிழ்த்து அரசருக்கு அனுப்ப வேண்டும், அது தலைவனின் வேலை, அவன்தான் அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. கையில் வந்தது வெறும் துணி. உள்பக்கம் மஞ்சளாக வியர்வைக் கறை, உப்பு. இவ்வளவுதானா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்தத் துணிக்காகத்தான் இந்த மாகாணம் அவனுக்குக் கிடைத்தது, ஆளுநர் பதவி, ஊதா அங்கி, அரசரின் நண்பன் என்ற பெயர், எல்லாம்.

"முகம் இன்னும் முடியவில்லையா? மணமகனுக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாதே," என்று வாசலில் குரல் கேட்டது. அரசரின் தூதன் தியோமெதோன். ஆற்றங்கரைச் சத்தம் நடந்த மறுநாள் மாலை ஊருக்குள் வந்தவன், வசந்தகாலப் படைச் சுத்திச் சடங்கைப் பார்க்க வந்ததாகச் சொல்கிறான், உண்மையாகவும் இருக்கலாம், ஆற்றங்கரை விஷயம் கேட்டுப் புறப்பட்டு வந்திருக்க முடியாத தூரம் அது. வழியிலேயே காதில் விழுந்திருக்கும். இருவரும் ஒரே வருடம் அரண்மனையில் சேர்ந்த பையன்கள், ஒரே பாயில் படுத்தவர்கள். தியோமெதோன் முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கிண்ணத்தைப் பார்த்தான். பார்க்காததுபோல நிமிர்ந்தான்.

"உன் மகாத்தாஸ் உன்னைவிட ஒரு சாண் உயரம் இப்போது. யாரைக் கொண்டு பிறந்தானோ."

"அவன் அம்மாவைக் கொண்டு."

"அரசர் அவனை வேட்டைக்கு விடாமல் கூட்டிப்போகிறார். ஈட்டி பிடிக்கிற பையன்களில் அவன்தான் பக்கத்தில். ரொம்பப் பக்கத்தில்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்பா எப்படி இருக்கிறார், பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றான். நடுப்பகலில் கிளம்புகிறேன். என்ன சொல்லட்டும்?"

"சடங்கு முடியட்டும். பார்த்ததைச் சொல்."

"அதைத்தானப்பா நானும் நினைத்தேன்," என்று தியோமெதோன் சொல்லிவிட்டு, போகிற போக்கில் வகூஷின் தோளைத் தட்டினான். "அந்தக் காதுப் பக்கம் பார்த்துச் சிரை. ஊரே அந்தத் தலையைத்தான் பார்க்கிறது."

ரொம்பப் பக்கத்தில். அந்தச் சொல் உள்ளே விழுந்து கிடந்தது. பெரிய குடும்பத்துப் பையன்கள் அரண்மனையில் வளர வேண்டும், அரசரின் படுக்கையறை வாசலில் காவல் நிற்க வேண்டும், அது பெருமை. அப்பன்கள் தூரத்து மாகாணங்களில் ஒழுங்காக இருப்பதற்கு அதுவே பிணை, அதை யாரும் வாயால் சொல்வதில்லை. அவனும் நின்றிருக்கிறான். காலையில் கதவு திறக்கும்போது வரிசையாக நிற்க வேண்டும், உயரப்படி, கால் கட்டைவிரல்கள் கல்லின் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஆந்த்ரோனின் பையனும் பிற்காலத்தில் அதே வரிசையில் நின்றவன்தான், தலைமயிர் எப்போதும் படியாமல் நிற்கும், ஆப்பிளைத் தோலோடும் விதையோடும் தின்பவன். போர் முடிந்து, கட்டுப் போட்ட தலையோடு பரிசு வாங்க அரண்மனைக்குப் போன காலையில் தெர்தாஸ் அந்த வரிசையைக் கடந்துதான் உள்ளே போனான். ஆந்த்ரோனின் பையன் நிற்கும் இடத்தில் ஒரு ஆள் அளவு காலி. யாரும் நகர்ந்து நின்று அதை அடைக்கவில்லை. அடைக்கச் சொல்லி இன்னும் உத்தரவு வரவில்லை போலிருக்கிறது, பையன்கள் அந்த இடைவெளிக்கு இரண்டு பக்கமும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் பட்டத்தை அவிழ்த்தான், இங்கே ஒரு இடம் காலியானது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முடிச்சுத்தான். அன்றைக்கு இதை நினைத்தானா? இல்லை, தலை வலிக்கிறதே என்று நினைத்தான். மகாத்தாஸ் அந்த வரிசையில் எத்தனையாவதாக நிற்பான், ஒரு சாண் வளர்ந்துவிட்டால் முன்னால் தள்ளியிருப்பார்கள், கதவுக்குப் பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில். ஆகவே நடக்க வேண்டும். வெறும் தலையோடு, வெறும் நெற்றியோடு, தூதன் பார்க்க, படை பார்க்க, வெயிலில் அந்தத் திடலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடக்க வேண்டும், தடுமாறாமல். நடந்துவிட்டால் அன்றைக்கு ஆற்றில் பார்த்தது ஒன்றுமில்லை என்றாகும். துணியில்லாமல் வெயிலில் நின்றால் கண் இருட்டும், போன கோடையில் தானியக் கிடங்கு வாசலில் விழுந்தான், நல்லவேளை வகூஷ் மட்டும் இருந்தான். இன்று விழக்கூடாது. விழாமல் காலை வைத்து நடப்பது. அவ்வளவுதான் வேலை.

அர்தோனி உள்ளே வந்தாள். இந்த ஊர்க் குதிரைப் பிரபுக்களின் பெண், கல்யாணத்தன்று ஒரு வார்த்தைகூடக் கிரேக்கம் தெரியாமல் அவனை ஏற இறங்கப் பார்த்தவள், இப்போது கிரேக்கத்திலேயே திட்டுவாள். கையில் பழுப்புக் கம்பளியில் கிழித்த ஒரு துண்டு.

"இதைக் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைதானே அவர்களுக்கு வினை? இது கழுதையின் வயிற்றுக்குக் கட்டுகிற நிறம்."

"எந்த நிறமானாலும் மறைக்கிறேன் என்றுதான் சொல்வார்கள்."

"சரி. அப்படியென்றால் அந்தத் தூதனைக் கூப்பிட்டு, எனக்குத் தலையில் நோய் என்று சொல்லுங்கள். வகூஷ் சாட்சி. நான் சாட்சி. இத்தனை வருடம் அந்தத் துணியைத் துவைத்த கை இது."

"நோயாளியை எல்லை மாகாணத்தில் வைத்திருக்க மாட்டார்கள் அர்தோனி. அடுத்த மாதமே இன்னொருவன் வருவான். வடக்கே குதிரைக்காரர்கள் கொள்ளைக்கு இறங்குகிற சமயம். வாய்க்கால் பாதியில் நிற்கிறது."

"வாய்க்கால்," என்றாள் அவள். கிண்ணத்திலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துப் பிழிந்தாள், காடி சொட்டியது, மறுபடி உள்ளேயே போட்டாள். "விழுந்தால்? சடங்கில் ஆளுநர் விழுந்தார் என்றால் அதைக் கடவுளின் தீர்ப்பு என்பான் உங்கள் ஆள் ஒவ்வொருவனும். விழாமல் நடந்தால், பார் எவ்வளவு திடமாக இருக்கிறான், பட்டத்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்பான் அந்தத் தூதன். எதற்கும் தலை மட்டும் வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருங்கள். ஆண்பிள்ளைகளுக்குத் தலையை வெட்டினாலும் வலிக்காது."

அவன் சிரிக்கப் பார்த்தான், பொட்டு சுருக்கென்று இழுத்தது. வாய்க்காலுக்காகவா இது? அவள் அந்தச் சொல்லை அப்படித் தரையில் போட்டுவிட்டுப் போனது எதற்கு? காவல் பையன், குதிரைவீரன், யானைப்படைக்கு எதிரே குதிரை மிரண்ட அந்த நாளில் நின்று பிடித்தவன், தளபதி, ஆளுநர். ஒவ்வொரு படியிலும் ஒரே வேலைதான் செய்திருக்கிறான், வலிக்கவில்லை என்று நிற்பது. அரசர்கள் இந்த நிலத்தைப் பிடித்து வைத்திருக்கவில்லை, வலிக்கவில்லை என்று நிற்கும் ஆட்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பெருமை. இது பெருமையா, அல்லது அந்த நாலைந்து மூச்சு இன்னொருமுறை கிடைக்குமா என்று திடலுக்குப் போகிறானா? திடலில் ஆயிரக்கணக்கான கேடயம் இருக்கிறது. ஒருவன் தட்டினால் போதும். அந்த நினைப்பு வந்ததும் அவன் எழுந்துவிட்டான், வகூஷ் துண்டை உதறுவதற்குள் எழுந்துவிட்டான், இருந்தால் இன்னும் நினைப்பான். நடக்க வேண்டும்.

திடலில் வெயில் வெள்ளையாக நின்றது. படை இரண்டு பக்கமும் நெடுகச் சுவர் மாதிரி, நீள ஈட்டிகளின் முனையில் வெளிச்சம் கூசியது, ஒவ்வொரு கூசலும் ஒரு ஊசி. நடுவில், புதிதாக வெட்டிய நாய், தலைப்பாதி வலது பக்கம், வால்பாதி இடது பக்கம், இரண்டுக்கும் நடுவே ஆள் போகிற வழி. வருடம் முழுவதும் படை சேர்த்துக்கொண்ட தீட்டு அந்த இடைவெளியில் நடந்தால் கழியும். ஆளுநர் முதலில், பிறகு படை. மறுகோடியில் தியோமெதோன் நிழலில்லாத இடமாகப் பார்த்து நின்றான், நன்றாகத் தெரிய வேண்டும் என்று. தெர்தாஸ் நடந்தான். காற்று நெற்றியில் நேராகப் பட்டது, அத்தனை பேருக்கு முன்னால் ஆடையில்லாமல் நிற்பது மாதிரி இருந்தது. வலி இப்போது சுற்றவில்லை, ஒரே இடத்தில் நின்று அடித்தது, கொல்லன் சம்மட்டி. பார்வையின் ஓரங்கள் கறுத்து உள்ளே சுருங்கின. நாயின் கண் திறந்திருந்தது. அதைப் பார்க்காதே, ரத்தத்தில் வழுக்கும், காலைத் தூக்கி வை. வரிசையில் முகங்கள், ஒவ்வொரு முகமும் அவன் நெற்றியைத் தேடி ஏமாந்தது, எதையோ தருவதாகச் சொல்லிவிட்டுக் கையை விரித்தவனைப் பார்ப்பதுபோல. பாவம், இவர்கள் கேட்டது என்ன? அரசர் கிழக்கே வந்து ஒரு தலைமுறை ஆகிறது. பிறகு கிராதேவா. முன்வரிசையில், தாடி நரைத்து, கேடயம் நெஞ்சில். கிழவன் அவனை நேராகப் பார்த்தான். ஈட்டிக் காம்பைத் திருப்பிக் கேடயத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.

"அரசே."

தெர்தாஸ் நின்றான். வெட்டிய நாய்க்கு நடுவில், இரண்டு பாதிக்கும் சரியாக நடுவில் நின்றுவிட்டான். காத்திருந்தான். தலை முழுவதையும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான், இப்போது நிற்கும், ஆற்றங்கரையில் நின்ற மாதிரி நிற்கும். இன்னொருவன் தட்டினான். இன்னும் சிலர். வலி அடித்தது. நிற்கவில்லை. ஒரு மயிரளவும் அசையவில்லை, தட்டுகிற சத்தத்துக்கு ஏற்ற தாளத்தில் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் அன்றைக்கு நின்றது குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரால். முகம் கழுவியதால். அவ்வளவுதான். அவனுக்குள் எதுவோ இறங்கியது, பாரம் இறங்கியதா பலம் இறங்கியதா தெரியவில்லை. இந்த வலி அவனுடையது, எந்தப் படையும் இதை வாங்கிக்கொள்ளாது, எந்தப் பட்டமும் இதைக் கட்டாது. இரத்தத்தை மிதித்து வழியைவிட்டு விலகி அவன் கிராதேவாவிடம் போனான். தட்டுகிற சத்தம் குழம்பி ஓய்ந்தது. கிழவனின் வலது கையைப் பிடித்து ஈட்டியிலிருந்து பிரித்து, அந்தச் சுட்டுவிரலைத் தன் இடது பொட்டில் கொண்டுபோய் வைத்தான். விரல் பள்ளத்துக்குள் முதல் கணுவரை போனது.

"அமுக்கிப் பார்."

கிராதேவா அமுக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. "கவணா?" என்றான்.

"கவண்."

"எந்த ஊர்?"

"ஆந்த்ரோனின் ஊர்."

"நான் வலது மதில் பக்கம் இருந்தேன்," என்றான் கிழவன். குரல் மாறியிருந்தது. "பெரிய பள்ளமாயிற்றே, ஐயா. அப்படியென்றால் அந்தத் துணி?"

"தலைவலி," என்றான் தெர்தாஸ். மதில்மேல் நிற்பவர்களுக்குக் கட்டளை சொல்லும் குரலில், திடலின் இரண்டு கோடிக்கும் கேட்கும்படி சொன்னான். "எனக்குத் தலைவலி. அன்றைக்கு இருந்து இன்றைக்கு வரை. காடியில் நனைத்துக் கட்டுகிறேன். வேறொன்றும் இல்லை." சொன்னதும் அதுவும் முடிந்தது, ஊதா அங்கி, வாய்க்கால், எல்லாம். அர்தோனி கேட்டிருப்பாள். கேட்காவிட்டாலும் யாராவது ஓடிப்போய்ச் சொல்வார்கள். "இப்போது அரசரை வாழ்த்து. ஒரே ஒரு அரசர்தான் நமக்கு."

கிராதேவா உதட்டைப் பிதுக்கினான். "நாணயத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் மூக்குத் தேய்ந்துவிட்டது. சாவதற்குள் ஒரு அரசனை முகத்துக்கு முகம் பார்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன், தப்பா?"

"தப்பில்லை. வாழ்த்து."

"மூக்குத் தேய்ந்தவர் வாழ்க," என்று கிழவன் முனகினான், பக்கத்து வரிசையில் சிரிப்பு வெடித்தது, சிரிப்போடு சிரிப்பாக யாரோ ஒழுங்கான வாழ்த்தை எடுத்துக் கொடுத்தார்கள், பிறகு திடல் முழுவதும் அது ஏறியது, மேற்கே இருக்கிறவரின் பெயர்தான், இன்னொரு பெயர் கலக்காமல். தெர்தாஸ் திரும்பவும் வழிக்கு வந்து நாயைத் தாண்டி நடந்தான். மறுகோடி வந்தபோது தியோமெதோனின் முகம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டும் சிரிக்கவில்லை.

"தலைவலிக்காரனை அரசர் இங்கே விட்டுவைக்க மாட்டார், தெரியுமில்லையா," என்றான் அவன் மெதுவாக.

"தெரியும்."

"அந்தத் துணி?"

"கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. போகிற வழிதான், மோந்து பார்த்துவிட்டுப் போ. பட்டம் அப்படி நாறாது."

தியோமெதோன் அவன் பொட்டைப் பார்த்தான், நீண்ட நேரம். ஒரே பாயில் படுத்த காலத்தில் அந்த இடத்தில் பள்ளம் இல்லை. "வெயிலில் நிற்காதே," என்றான் கடைசியில். "உன் பையனிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேனே."

"அப்பாவுக்குத் தலைவலி என்று சொல்."

அவன் தலையசைத்துவிட்டுக் குதிரையைக் கொண்டுவரச் சொன்னான். பின்னால் படை நாயின் வழியே வரத் தொடங்கியிருந்தது, ஆயிரம் கால்கள், ஒரே அடி, அடிக்கு அடி பொட்டில் இடித்தது. தெர்தாஸ் உட்காரவில்லை. கடைசி ஆள் கடக்கும்வரை ஆளுநர் நிற்க வேண்டும், அடுத்தவன் வரும்வரை அவன்தான் ஆளுநர். கால் கட்டைவிரல்களைத் தரையில் கிடந்த கல்லின் கோட்டுக்கு நேராக வைத்துக்கொண்டான், அந்தக் காலத்துக் காவல் பையனைப்போல. தூதன் போய்ச் சேர வெகு நாள் ஆகும். சேருகிற காலையில் கதவு திறக்கும், பையன்கள் உயரப்படி நிற்பார்கள், யாரும் நகர்ந்து அடைக்க வேண்டிய இடம் எதுவும் அதில் இருக்காது. கதவுக்குப் பக்கத்தில், ஒரு சாண் உயரமாக, மகாத்தாஸ் நிற்பான். வலி அப்படியே இருந்தது. அவனும் அப்படியே நின்றான்.